ஒரே பட்டியல், இரண்டு விமானங்கள்: ஒரு நாட்டின் நிதிக் குற்ற அபாயத்தை எப்படி எடை போடுகிறார்கள்?

மதுரையிலிருந்து நேரடி விமானம் போகும் வெளிநாட்டு ஊர்களில் கொழும்பும் துபாயும் உண்டு. இந்த இரண்டு ஊர்களின் நாடுகளும் கடந்த சில ஆண்டுகளில் ஒரே பட்டியலுக்குள் போய்விட்டு வந்தவை. கெட்ட பணத்தைத் தடுப்பதில் குறையுள்ள நாடுகளைக் குறித்து, பாரிஸில் இருக்கும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு நிதி நடவடிக்கைக் குழு வெளியிடும் ‘சாம்பல் பட்டியல்’ அது. இலங்கை 2017 இறுதியில் உள்ளே போய் 2019 அக்டோபரில் வெளியே வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 மார்ச்சில் உள்ளே போய் 2024 பிப்ரவரியில் வெளியே வந்தது.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பட்டியலிலிருந்து வெளியே வந்து இரண்டரை ஆண்டில், 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கையை விரித்தது. அமீரகம் பட்டியலில் இருந்த காலத்திலோ துபாயில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. பட்டியலை நம்பிக் கொழும்பில் பணம் போட்டவர் மாட்டிக்கொண்டிருப்பார். பட்டியலைப் பார்த்துப் பயந்து துபாயைத் தவிர்த்தவர் இன்னும் புலம்பிக்கொண்டிருப்பார். அப்படியென்றால் இந்தப் பட்டியல் எதைத்தான் அளக்கிறது?

வீட்டுக் கதவின் பூட்டை, அதாவது கெட்ட பணத்தைத் தடுக்கும் ஏற்பாட்டை அளக்கிறது. உள்ளே அடுப்பு எரிகிறதா, அதாவது பொருளாதாரம் நன்றாக ஓடுகிறதா என்பது அதன் வேலை இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் படிப்பதால்தான் செய்திகள் குழப்புகின்றன.

முதலில் சில சொற்கள்

1. வெள்ளையாக்குதல். செய்தித்தாள்கள் ‘சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்’ என்று எழுதுகின்றன. இதைத் தடுக்கும் நம் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தமிழில் அந்தப் பெயரில்தான் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் விஷயத்தை மறைத்துவிடுகிறது. இங்கே பரிமாற்றம் பார்வைக்குச் சட்டப்படியே இருக்கும். பணம் வந்த வழிதான் கெட்டது. லஞ்சமோ கடத்தலோ தந்த ரொக்கத்தை எப்படியாவது ஒரு கணக்குக்குள் நுழைப்பது, பிறகு நாலு நிறுவனம், இரண்டு நாடு என்று சுற்றவிடுவது, கடைசியில் நிலமாகவோ பங்காகவோ நல்ல பணமாக வெளியே எடுப்பது. கறுப்பை வெள்ளையாக்குவது என்று ஊரில் சொல்வதே துல்லியமான சொல்.

2. உண்டியல். வடக்கே ஹவாலா. துபாயில் ஒருவரிடம் திர்ஹமைக் கொடுத்தால் இங்கே மேலூரில் ஒருவர் வீட்டுக்கு வந்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போவார். பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை; கணக்கு மட்டும் தாண்டுகிறது. அனுப்புகிறவர் பெரும்பாலும் உழைத்த பணத்தைத்தான் அனுப்புகிறார். ஆனால் இங்கே அவர் வீட்டுக்கு வரும் ரூபாய் யாருடையது என்பது அவருக்கே தெரியாது.

3. உண்மை உரிமையாளர். நிறுவனத்தின் பதிவுப் பத்திரத்தில் இருக்கும் பெயர் ஒன்று, லாபம் போய்ச் சேரும் ஆள் வேறு. பினாமி என்ற சொல் நமக்குப் புதிதில்லை. ஒரு நிறுவனத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்று வங்கி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது 2023 மார்ச்சுக்குப் பிறகு இந்திய விதி. அதற்கு முன்பு அந்த அளவு 25 விழுக்காடு.

4. சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை. வங்கிக்கு ஒரு கணக்கின் போக்கு சரியாகப் படவில்லை என்றால், தில்லியில் இருக்கும் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு எழுதும் குறிப்பு. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லக் கூடாது. இது தவிர, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகள் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனியாகத் தெரிவிக்கப்படுகின்றன.

எப்படி எடை போடுகிறார்கள்

1989-இல் பாரிஸில் கூடிய ஜி-7 மாநாடு எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பை உருவாக்கியது. போதைப்பொருள் பணம்தான் அப்போதைய கவலை. 2001-க்குப் பிறகு பயங்கரவாதத்துக்குப் போகும் பணமும் சேர்ந்துகொண்டது. இந்தியா 2010-இல் உறுப்பினர் ஆனது. அமைப்பின் கையில் இருப்பது 40 பரிந்துரைகள். சட்டப்படி யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆனாலும் ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதற்குக் கட்டுப்படுகின்றன. ஏன் என்பது கீழே, மதுரைக்குப் பக்கத்துக் கப்பலூருக்குப் போகும்போது தெரியும்.

மதிப்பீடு இரண்டு கேள்விகளில் நடக்கிறது.

முதல் கேள்வி: சட்டம் ஏட்டில் இருக்கிறதா? 40 பரிந்துரைகளுக்கும் தனித்தனியே மதிப்பெண்.

இரண்டாவது கேள்வி: அது வேலை செய்கிறதா? இதற்கு 11 அளவுகோல்கள். வழக்குப் போட்டார்களா, தண்டனை வாங்கித் தந்தார்களா, சொத்தை உண்மையிலேயே கைப்பற்றினார்களா, வங்கிகள் அனுப்பும் அறிக்கையை யாராவது படிக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். பிற நாடுகளின் அதிகாரிகள் கொண்ட குழு நேரில் வந்து, வங்கி முதல் வழக்கறிஞர் வரை உட்காரவைத்துக் கேட்கும்.

இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான நாடுகள் வழுக்கி விழுகின்றன. சட்டத்தை ஆறு மாதத்தில் எழுதிவிடலாம். அதைத் தெரிந்த காவல் ஆய்வாளரையும் கணக்குப் புரிந்த அரசு வழக்கறிஞரையும் உருவாக்கப் பத்து ஆண்டு ஆகும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அபாயம் என்பது வேறு, கட்டுப்பாடு என்பது வேறு. பெரிய துறைமுகம், தங்கச் சந்தை, ரொக்கப் பழக்கம், நாலு பக்கமும் எல்லை என்று ஒரு நாட்டுக்கு அமைந்துவிட்டால் அபாயம் இயல்பிலேயே அதிகம். கட்டுப்பாடு வலுவாக இருந்தால் மிச்சமிருக்கும் அபாயம் குறையும். துபாய் அதிக அபாயம் உள்ள ஊர். அந்த அபாயத்துக்கு ஏற்ற பூட்டு இல்லை என்பதுதான் 2022-இல் அதன் மேல் வந்த புகார். அங்கே இருக்கிறவர்கள் திருடர்கள் என்று அந்த அமைப்பு ஒருபோதும் சொல்லவில்லை.

சாம்பலும் கறுப்பும்

இந்த இரண்டு நிறப் பெயர்களும் பத்திரிகைகள் வைத்தவை. சாம்பல் பட்டியலின் அதிகாரபூர்வப் பெயர் ‘கூடுதல் கண்காணிப்பில் உள்ள நாடுகள்’. குறைகளை ஒப்புக்கொண்டு, இன்ன தேதிக்குள் இன்னதைச் சரிசெய்வேன் என்று கையெழுத்திட்ட நாடுகள் சாம்பல். பாகிஸ்தான் 2018 ஜூனில் உள்ளே போய், மொத்தம் 34 வேலைகளை முடித்த பிறகு 2022 அக்டோபரில்தான் வெளியே வர முடிந்தது. நேபாளம் 2025 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டது. பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று ஆண்டுக்கு மூன்று முறை கூட்டம் நடக்கும். பட்டியல் மாறுவது அப்போதுதான். பழைய செய்தியை வைத்துக்கொண்டு பேசினால் தப்பாகிவிடும்.

குறைகள் மிகக் கடுமையான நாடுகளுக்கான கறுப்புப் பட்டியலில் வட கொரியா, ஈரான் இரண்டும் நீண்ட காலமாக இருக்கின்றன. மியான்மர் 2022 அக்டோபரில் சேர்ந்தது. வேலை என்று சொல்லி அழைத்துப்போய், அந்த நாட்டின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்ததும் அதே ஆண்டில்தான். பட்டியலில் வெறும் பெயராகத் தெரியும் நாடு நம் ஊர்ப் பையன்களின் வாழ்க்கைக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இந்தப் பட்டியல் முறைக்கு எதிராக ஒரு நியாயமான குறையும் உண்டு. ஏழை நாடுகள் எளிதில் அகப்படுகின்றன. பெரிய நிதிச் சந்தைகள் தப்பிக்கின்றன. இதை அமைப்பே ஓரளவு ஒப்புக்கொண்டது. 2024 அக்டோபரில் விதியை மாற்றி, மிக ஏழை நாடுகள் மேல் அவசரமாகக் கைவைக்க மாட்டோம், பணக்கார நாடுகளை முதலில் பார்ப்போம் என்றது.

கப்பலூரில் ஒரு ஏற்றுமதியாளர்

தண்டிக்கும் அதிகாரம் இல்லாத பட்டியலுக்கு ஏன் எல்லோரும் நடுங்குகிறார்கள்? ஒரு கற்பனைக் காட்சியை வைத்துப் பார்க்கலாம். கப்பலூர் தொழிற்பேட்டையில் 20 பேர் வேலை செய்யும் ரப்பர் உதிரிபாகப் பட்டறை. நைரோபியில் ஒரு வாடிக்கையாளர். சரக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, 18,000 டாலர் வர வேண்டும். கென்யா 2024 பிப்ரவரியில் சாம்பல் பட்டியலில் ஏறியது.

டாலர் என்பதால் அந்தப் பணம் நைரோபியிலிருந்து நேராக மதுரைக்கு வராது. நடுவில் நியூயார்க்கில் ஒரு வங்கி உண்டு. அந்த வங்கியின் மென்பொருள் ‘கென்யா’ என்ற பெயரைப் பார்த்ததும் கொடி தூக்குகிறது. அங்கிருந்து கேள்வி மும்பைக்கு வருகிறது, மும்பையிலிருந்து மதுரைக் கிளைக்கு. கிளையிலிருந்து போன்:

“சார், உங்க பார்ட்டி கம்பெனிக்கு உண்மையான ஓனர் யாருன்னு கேக்குறாங்க. இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், ஆர்டர் காப்பி எல்லாம் மறுபடி வேணும்.”

“போன தடவை கொடுத்தேனே சார்?”

“அது போன தடவைக்கு சார்.”

நாலு நாளில் வர வேண்டிய பணம் மூன்று வாரம் இழுக்கலாம். அந்த மூன்று வாரமும் பட்டறையின் ஓவர்டிராஃப்ட்டுக்கு வட்டி ஓடும். சனிக்கிழமைக் கூலி காத்திருக்காது. இதுவே பெரிய நிறுவனம் என்றால் இதற்கென்று தனிப் பிரிவு வைத்துச் சமாளித்துவிடும். ஒரு நாட்டின் பூட்டு சரியில்லை என்பதற்கான அபராதத்தில் பெரும்பங்கைக் கட்டுவது அந்த நாட்டோடு நேர்மையாக வியாபாரம் செய்கிற சின்ன ஆள்தான். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடிக்காத இடம் இதுதான்.

நாட்டு அளவில் பார்த்தாலும் கணக்கு பெரியது. பன்னாட்டு நிதியத்தின் 2021 ஆய்வுக் கட்டுரை ஒன்று, சாம்பல் பட்டியலில் ஏறும் நாட்டுக்குள் வரும் மூலதனம் சராசரியாக அந்த நாட்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.6 விழுக்காடு அளவுக்குக் குறைவதாகக் கணக்கிட்டது. சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். அமீரகம் போல எண்ணெயும் விமான நிலையமும் வரிச் சலுகையும் உள்ள நாடு தாங்கிக்கொள்கிறது. மற்றவை தாங்குவதில்லை.

இந்தியாவும் இந்தப் பட்டியலை வைத்து விதி போட்டிருக்கிறது. மொரீஷியஸ் 2020 பிப்ரவரியில் சாம்பலில் ஏறியது. இந்தியாவுக்கு வரும் அந்நிய முதலீட்டில் பெரும்பகுதி நீண்ட காலமாக வந்த வழி அது. 2021 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: இப்படிப்பட்ட நாடுகளிலிருந்து புதிதாக வரும் முதலீட்டாளர்கள் இங்குள்ள வங்கி சாரா நிதி நிறுவனங்களில் 20 விழுக்காடு வாக்குரிமைக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அந்த அக்டோபரிலேயே மொரீஷியஸ் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது.

வேறு தராசுகள்

முதலீட்டுச் சூழல் என்று வந்தால் இன்னும் சில தராசுகள் கண்ணில் படும்.

1. ஊழல் உணர்வுக் குறியீடு. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் வெளியிடுவது. 2024-இல் இந்தியா 100-க்கு 38 மதிப்பெண், 180 நாடுகளில் 96-ஆவது இடம். பெயரிலேயே ‘உணர்வு’ இருக்கிறது: நடந்த ஊழலை அது எண்ணுவதில்லை, நிபுணர்களும் தொழிலதிபர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் திரட்டுகிறது. அதுவும் அரசுத் துறை ஊழலைப் பற்றி மட்டும். இந்த அட்டவணையில் உச்சியில் இருப்பது டென்மார்க். அதே டென்மார்க்கின் மிகப் பெரிய வங்கியான டான்ஸ்கேயின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 200 பில்லியன் யூரோ சந்தேகப் பணம் ஓடியது. 2022 டிசம்பரில் அந்த வங்கி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 2 பில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தது. லஞ்சம் வாங்காத அரசு அலுவலகம் வேறு, கண்ணை மூடிக்கொண்ட வங்கி வேறு.

2. பாசல் குறியீடு. சுவிட்சர்லாந்தின் பாசல் ஆட்சிமுறை நிறுவனம் 2012 முதல் வெளியிடுவது. 0 முதல் 10 வரை. எண் கூடினால் அபாயம் கூடும். ஊழல் குறியீட்டுக்கு நேர் எதிர்த் திசை என்பதால் அவசரத்தில் தப்பாகப் படித்துவிடுபவர்கள் உண்டு.

3. உலக வங்கியின் தொழில் எளிமைத் தரவரிசை. இந்தியா சில ஆண்டுகளில் 142-இலிருந்து 63-க்கு ஏறியது என்று விளம்பரப் பலகைகளில் பார்த்தோமே, அதுதான். சீனா, சவுதி உள்ளிட்ட நாடுகளின் தரவுகளில் கைவைக்கப்பட்டது தெரியவந்து, 2021 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ‘பி-ரெடி’ என்ற வேறு முறை வந்திருக்கிறது. முதல் அறிக்கை 2024 அக்டோபரில் வந்தது.

நம் ஊரை வெளியிலிருந்து பார்த்தால்

எஃப்.ஏ.டி.எஃப். இந்தியாவைப் பற்றிய மதிப்பீட்டை 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 40-இல் 37 பரிந்துரைகளில் நல்ல நிலை. ‘வழக்கமான தொடர் கண்காணிப்பு’ என்ற உயர்ந்த வகைக்குள் இந்தியா வந்தது. செய்திகள் இதோடு நின்றுவிட்டன. அறிக்கையின் உள்ளே இருப்பவைதான் மதுரைக்குப் பேச வேண்டியவை.

முதலில் தங்கம். விலையுயர்ந்த உலோக, ரத்தின வியாபாரிகள் இந்தியாவில் சுமார் 1,75,000 பேர். அவர்களில் ரத்தின, நகை ஏற்றுமதிக் கவுன்சிலில் உறுப்பினராக இருப்பவர்கள் சுமார் 9,500 பேர் மட்டுமே என்று அறிக்கை சுட்டுகிறது. இப்போது மதுரையின் நகைக்கடைத் தெருவான தெற்கு ஆவணி மூல வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதம், கல்யாண வீட்டார் மொத்தமாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே நபரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. கையில் இருப்பது ரொக்கம். பில்லை மாமனார் பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று, சித்தி பேரில் ஒன்று என்று பிரிக்கலாமா என்ற பேச்சு எந்த ஊர் நகைக்கடைக்கும் புதிதில்லை. இதில் முக்கால்வாசி கறுப்புப் பணமே இல்லை. சீட்டு எடுத்த பணம், நிலம் விற்ற பணம், மொய்ப் பணம். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சீட்டுப் பணமும் கடத்தல் பணமும் ஒரே மாதிரி மூன்று பில்லாகத்தான் தெரியும். அபாயம் என்று அவர்கள் குறிப்பது இந்தப் பிரித்தறிய முடியாத நிலையைத்தான்.

கூலிக்குக் கடத்திவரும் ‘குருவிகள்’ கொண்டுவரும் தங்கமும் இதே கதையின் மறுபக்கம். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் மீதான சுங்க வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைந்தது. கிலோ 70 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவைக் கடத்தி மிச்சப்படுத்தும் வரி பத்தரை லட்சத்திலிருந்து 4 லட்சத்துச் சொச்சமாக இறங்குகிறது. இதில் குருவிக்கான கூலி, டிக்கெட், பிடிபட்டால் வரும் நஷ்டம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். ஒரு போலீஸ்காரரைக்கூடக் கூடுதலாக நிறுத்தாமல் அபாயத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு இது நல்ல கணக்கு.

அடுத்தது கிரானைட். மேலூர்ப் பக்கத்துக் கல்லில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற ரகம் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரிசிக்கும் பஞ்சுக்கும் சந்தை விலை உண்டு. கல்லுக்கு அப்படிக் கிடையாது. நிறம், புள்ளி, வெடிப்பு, அளவு பார்த்து ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி விலை. இன்வாய்ஸில் பாதி விலை போட்டு மீதியை வெளிநாட்டிலேயே வைத்துக்கொண்டால் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் இப்படித் தனித்தனியே விலை வைக்கும் சரக்கு எந்த நாட்டில் ஏற்றுமதியானாலும் அபாயக் குறிப்பில் இடம்பிடிக்கும். 2012-இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம், விதிமீறிய குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பு என்று எழுதிய கடிதம் வெளியே வந்தது. 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. அப்புறம் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

இதை ஒரு வெளிநாட்டு முதலீட்டாளர் எப்படிப் படிப்பார்? குற்றம் நடந்தது என்பதை மட்டும் பார்க்க மாட்டார். குற்றம் எல்லா ஊரிலும் நடக்கிறது. அரசு அதிகாரி ஒருவரே கண்டுபிடித்து எழுதியது நல்ல மதிப்பெண். தீர்ப்புக்கு ஆன காலம் கெட்ட மதிப்பெண். 2024 அறிக்கையும் நாடு முழுவதைப் பற்றி இதையேதான் சொல்கிறது: புலனாய்வு பரவாயில்லை, வழக்கு முடிவதுதான் தாமதம். வெள்ளையாக்குதலைத் தடுக்கும் சட்டத்தையே எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகள் 2022 வரை உச்ச நீதிமன்றத்தில் இருந்ததும், நீதிமன்றங்களில் தேங்கிய சுமையும் காரணங்கள்.

வெளிநாட்டில் பணம் போடும் முன்

இங்கு வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார், ஃப்ளாட் வாங்கச் சொல்கிறார் என்ற நிலையில் உள்ளவர்கள் இந்த வரிசையில் பார்க்கலாம்.

1. அந்த நாடு இன்று எந்தப் பட்டியலில் இருக்கிறது, போன மூன்று கூட்டங்களில் எந்தத் திசையில் நகர்ந்தது? இருக்கும் இடத்தைவிடத் திசை முக்கியம்.

2. நாட்டின் கடன், அந்நியச் செலாவணிக் கையிருப்பு எப்படி? பூட்டைப் பற்றிய அறிக்கை இதைச் சொல்லாது. கொழும்பு கற்றுத்தந்த பாடம்.

3. பணத்தைத் திரும்ப எடுத்துவர முடியுமா? தகராறு வந்தால் எந்த நீதிமன்றம், எந்த மொழி, எத்தனை ஆண்டு? உள்ளே போவது எல்லா நாட்டிலும் எளிது.

4. எதிரில் இருப்பவர் யார்? ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர், பணம் அனுப்பச் சொல்லும் கணக்கில் இன்னொரு பெயர் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். நாட்டுக்குக் கிடைத்த மதிப்பெண் அந்த விற்பனையாளருக்குப் பொருந்தாது.

5. “பாதியை பேங்க்ல போடுங்க, மீதியை இங்க ஒருத்தர்கிட்ட கொடுங்க, அங்க கிடைச்சிடும்” என்று யாராவது சொன்னால் அது உண்டியல். வாங்கும்போது மிச்சமாவது போலத் தெரியும். பத்து ஆண்டு கழித்து விற்று முழுப் பணத்தையும் வங்கி வழியாகத் திருப்பிக் கொண்டுவரும்போது, வாங்கிய விலையில் பாதிக்கு எந்தக் காகிதமும் இருக்காது. வருமான வரிக் கணக்கில் அந்த வீட்டை வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டாமல் விட்டிருந்தால், 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி விடுபட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 லட்சம் ரூபாய் அபராதம் வர இடமுண்டு. துபாய் அப்போது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டு அந்த அபராதத்தை யாரும் குறைக்க மாட்டார்கள்.